காளான் அறையின் வடிகால்

நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிபோனது அறுபத்தெட்டாம் வருஷம், பங்குனிக் கடைசியில். மராமத்து இலாகா லாரியில் இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு இரும்புக் கட்டில், ஒரு அரிசி மூட்டை. மூட்டையின் மேல் என் கணவர் பக்கிரிசாமி ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தார். இந்தத் தீவுக்கு வந்து ஒன்பது வருஷம் ஊருக்குள் ஷாதிபூர் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் நாங்கள். அங்கிருந்து தெற்கே மூன்று மைல் தள்ளி, கடல் உள்ளே வளைந்து வந்து நிற்கும் ஓர் இடத்தில் தனி வீடு. சுற்றிலும் பாக்கு மரம், அதைத் தாண்டினால் காடு. பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில்கூட இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். பஸ் இருந்ததால் சம்மதித்தேன்.

அவர் ஆசைப்பட்டது வீட்டுக்கு அல்ல. வீட்டுக்குப் பின்னால் தரை கடலை நோக்கிச் சரியும் இடத்தில் ஒரு பங்கர் இருந்தது. சண்டையின்போது ஜப்பான்காரன் காலத்தில் குண்டுக்குப் பதுங்கக் கட்டியது. பதினோரு படி கீழே இறங்கினால் ஒரு பலகைக் கதவு, அதற்குள் இரண்டு கட்டில் போடும் அளவுக்கு ஓர் அறை. சுவர் ஒரு முழத்துக்கும் மேல் கனம். ஜன்னல் கிடையாது. வெயில் நாளிலும் உள்ளே வெதுவெதுப்பான ஈரம் நிற்கும்.

காளான் வளர்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்பது அவர் கட்சி. கோயம்புத்தூரிலிருந்து யாரோ புட்டியில் அடைத்த காளான் வித்தைக் கப்பலில் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளையிடம் காட்டவேண்டிய பைத்தியத்தையெல்லாம் அவர் ஏதாவது ஒன்றின்மேல் காட்டிக்கொண்டே இருப்பார். அதற்கு முன்னால் கோழி, அதற்கும் முன்னால் தேனீ.

வீட்டுக்காரர் ராஜமாணிக்கம் முச்சந்தியில் டீக்கடை வைத்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய கொள்ளுத்தாத்தா இந்தத் தீவுக்குக் கைதியாகக் கப்பலேறி வந்தவர். வீட்டில் பேச்செல்லாம் இந்திதான். தமிழ் எங்களைப் போன்றவர்களிடம் மட்டும்.

"கர் அச்சா கர் சார். ரெண்டு ரூம், கிச்சன், கெணறு எல்லாம் டீக். பின்னாடி பங்கர் மட்டும் காலியா கெடக்கட்டும். பானி வரும்" என்றார் சாவியைக் கொடுக்கும்போது.

"தண்ணிதானே? தண்ணிய நான் பாத்துக்கறேன்" என்றார் இவர்.

அதுதான் பக்கிரிசாமி. திருவையாற்றுப் பக்கம் வாய்க்காலுக்கு நீர் பாய்ச்சும் குடும்பத்தில் பிறந்தவர். எந்தத் தண்ணீரும் தன் பேச்சைக் கேட்கும் என்ற எண்ணம் அவருக்கு. இலாகாவிலும் அவர் மேஸ்திரியாகப் பார்த்த வேலை சாக்கடையும் மதகும்தான்.

திக்லிபூரிலிருந்து படகில் வைக்கோல் வரவழைத்தார். ஊறவைத்து, முறுக்கி, அடுக்கடுக்காகப் பாத்தி கட்டி, நடுவில் வித்தும் கொள்ளு மாவும் தூவினார். வைகாசி பிறப்பதற்குள் இங்கே மழை வந்துவிடும். முதல் மழையிலேயே சரிவில் ஓடிவந்த தண்ணீர் படியிறங்கிப் பங்கருக்குள் போயிற்று. அவர் அசரவில்லை. மேட்டுப் பக்கம் கால்வாய் வெட்டி, பங்கரைச் சுற்றிக் களிமண்ணால் வரப்புக் கட்டினார். அடுத்த மழை ஒழுங்காகச் சுற்றிக்கொண்டு போயிற்று. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மேலே இருந்து தண்ணீர் வருவது நின்றாலும், வைக்கோலிலிருந்து வடிவது தரையில் தேங்கியது. நஞ்சைக்காரனுக்கு வடிகால் இல்லாத நிலம் பொறுக்காது. விளக்கை வைத்துக்கொண்டு சுவரோரமாகத் தடவிப் பார்த்தவர், கடல் பக்கத்துச் சுவரில் தரையோடு தரையாக ஒரு வட்டத்தைக் கண்டுபிடித்தார்.

"குழாய் இருக்குடி! கட்னவன் வடிகால் வெச்சுத்தான் கட்டியிருக்கான். எவனோ அடச்சுப்புட்டான்."

அடைப்பு துணி. கையால் இழுத்தால் வரவில்லை. கடப்பாரையால் நெம்பி நெம்பி எடுத்தார். கட்டம் போட்ட லுங்கி, சேலைக் கிழிசல்கள், ஒரு ரவிக்கை. எல்லாவற்றையும் நீளநீளமாகக் கிழித்து, கயிறாக முறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்திருந்தார்கள். கடைசியாக வந்தது ஒரு சின்னச் சட்டை. என் கை ஒரு சாண். சட்டை அதைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

"இது வெளியில இருந்து அடச்சது இல்லீங்க. உள்ள இருந்து அடச்சிருக்காங்க" என்றேன்.

"எங்க இருந்து அடச்சா என்னா? அடைப்பு அடைப்புதான்."

துணிகளைக் கொளுத்தினார். நன்றாக உலர்ந்த துணி, ஆனாலும் எரியவில்லை. நாள் முழுக்கப் புகைந்தது. அன்று முதல் பங்கருக்குள் காற்று வந்தது. கடலின் சத்தமும் வந்தது.

வைகாசி அமாவாசை அன்று காலை பத்து மணிக்குக் கடலே வந்துவிட்டது.

இங்கே அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடலின் ஓதம் உச்சிக்கு ஏறுவது காலையிலும் இரவிலும் பத்து மணியை ஒட்டித்தான். துறைமுகத்தில் வேலை பார்க்கிற சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். திருவையாற்றுக்காரருக்கு மட்டும் தோன்றவில்லை. அவர் ஊரில் வடிகால் என்றால் தண்ணீர் போகிற வழி. போன வழியாகவே திரும்பி வரும் தண்ணீரை அவர் பார்த்ததில்லை. முழங்கால் அளவு உப்புத் தண்ணீரில் பாத்தியெல்லாம் மிதந்தது. நான் சிரித்தேன். அன்றைக்கு நான் அவ்வளவு சிரித்திருக்க வேண்டாம்.

டீக்கடையில் இந்தக் கதையைச் சொன்னபோது ராஜமாணிக்கம் சிரிக்கவில்லை. கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த ஓட்டைய தொறந்துட்டீங்களா?"

"ஆமா. ஏன்?"

"குச் நஹி, ஒண்ணுமில்ல" என்று உள்ளே போய்விட்டார்.

இவர் விட்டுவிடுகிற ஆளா? குழாயின் கடல் பக்க வாயில் ஒரு பலகை மூடி பொருத்தினார். உள்ளேயிருந்து தண்ணீர் வந்தால் திறக்கும், கடல் தள்ளினால் மூடிக்கொள்ளும். ஓரளவுக்குக் கேட்டது. ஆனி மாதம் ஒரு பேய்மழையில் வரப்பையும் தாண்டித் தண்ணீர் படியில் இறங்கியது. கதவின் சந்து வழியாக உள்ளே பீய்ச்சி அடித்ததைப் பார்த்துவிட்டு அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

அப்போது யோசனை சொன்னது நான்தான். குக்கர் மூடியில் ரப்பர் இருக்கிறதே, அந்த மாதிரி கதவைச் சுற்றி வைத்தால் என்ன என்றேன். அவர் என்னைத் தூக்கிச் சுற்றாத குறை. லாரி டயர் டியூபை அறுத்து நிலையைச் சுற்றிலும் ஆணியடித்து, பலகை இடுக்குகளுக்கெல்லாம் தார் பூசினார். கதவைச் சாத்தித் தாழ் போட்டால் ஒரு பொட்டுத் தண்ணீர் போகாது. தண்ணீர் போகாத இடத்தில் வேறு எதுவும் போகாது என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். படித்தவள் நான்.

அதற்கு மறுவாரம் துணிகள் காணாமல் போக ஆரம்பித்தன.

முதலில் அவருடைய துண்டு. பிறகு கொடியில் உலர்த்திய என் ரவிக்கை. பிறகு ஒரு வேட்டி. காற்றில் பறந்திருக்கும் என்று தேடினோம். பௌர்ணமிக்கு மறுநாள் பங்கரில் தண்ணீர் வடியவில்லை என்று அவர் குழாயில் கையை விட்டார். துண்டு, ரவிக்கை, வேட்டி மூன்றும் அங்கே இருந்தன. கிழித்து, முறுக்கி, திணித்து.

"உனக்குக் காளான் புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லு. இதென்ன வேலை?" என்று கத்தினார்.

"நானா? என் ரவிக்கைய நானே கிழிப்பேனா?"

"பின்ன யாரு, நானா?"

இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்கு அவர்மேல்தான் சந்தேகம். அவருக்கு என்மேல். வீட்டில் வேறு ஆள் இல்லையே.

ஆடி அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். காளான் மொட்டு விட்டிருந்தது. விரிவதற்குள் பறிக்க வேண்டும். அரிக்கேன் விளக்கும் கூடையுமாக நான் இறங்கினேன். மழை தூறிக்கொண்டிருந்ததால் கதவைச் சாத்திக்கொண்டேன். மணி ஒன்பதே முக்கால் இருக்கும்.

கால் கூடை பறிப்பதற்குள் விளக்கின் சுடர் சுருங்கியது. எண்ணெய் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தேன். இருந்தது. திரியைத் தூண்டினேன். இன்னும் சுருங்கி, நீலமாக, நகக்கண் அளவுக்கு ஆயிற்று.

அப்போது அந்த வாடை வந்தது. வைக்கோல் வாடை அல்ல. கப்பலின் அடித்தட்டில், பங்க் கிளாஸில் நாலு நாள் வந்தவர்களுக்குத் தெரியும். பல பேர் ஒரே இடத்தில் அடைந்து கிடந்த வேர்வை.

பாத்திகளுக்குப் பின்னால் துணி கிழிபடும் சத்தம் கேட்டது.

மெதுவாக. ஒரு முழம் கிழிந்து, நின்றது.

மறுபடி ஒரு முழம்.

அவர்தான் திரும்பி வந்து பழந்துணி கிழிக்கிறார் என்று என் புத்தி சொன்னது. நான் வந்தபிறகு கதவு திறக்கவே இல்லை என்பதும் அதே புத்திக்குத் தெரியும்.

"என்னங்க?"

சத்தம் நின்றது.

"அவுர் ஏக்" என்றது ஒரு குரல். பெண் குரல். என் தோள் உயரத்தில், காதுக்குப் பக்கத்தில், மூச்சே இல்லாமல் பேசிய குரல்.

இன்னும் ஒன்று. இந்தியில் அதற்கு அதுதான் அர்த்தம்.

என் முந்தானையை யாரோ பிடித்து இழுத்தார்கள். பலமாக அல்ல. பிள்ளைகள் டீச்சரிடம் ஏதோ சொல்லவேண்டும் என்றால் இழுப்பார்களே, அப்படி.

எப்படிப் படியேறினேன் என்று தெரியாது. மேலே வந்து மழையில் நின்று வாயைத் திறந்து திறந்து மூச்சை வாங்கினேன். நெஞ்சு வலித்தது. முந்தானையில் ஒரு முழம் இல்லை.

அவர் வந்ததும் சொன்னேன். ஆணியில் மாட்டிக் கிழிந்திருக்கும் என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேலி செய்யவில்லை. இறங்கிப் போய்க் குழாயைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் கையில் என் சேலைத் துண்டு இருந்தது.

"வேண்டாங்க. இத்தோட விட்ருங்க. ஷாதிபூருக்கே போயிடலாம்."

"இப்பத்தான் மொட்டு விட்ருக்கு, தனம். இந்த ஒரு ஈடு எடுத்துடறேன். அதுக்கப்பறம் நீ சொன்னபடி."

கெஞ்சுகிற மாதிரி சொன்னார். கோழி செத்தது, தேனீ பறந்தது. இதிலாவது ஜெயிக்கவேண்டும் என்று இருந்தது அவருக்கு. எனக்கு அவர் பாவமாக இருந்தது. சரி என்றேன். அந்தச் சரியை நான் சொல்லாமல் இருந்திருந்தால் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அந்த ஈடு பூஞ்சாணம் பிடித்துப் போயிற்று. மறுபடி ஒன்று போட்டார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஆவணி அமாவாசையன்று புயல் மழை. ஒன்பது மணிக்கே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். பஸ் முச்சந்தியோடு நின்றுவிட்டது. ராஜமாணிக்கத்தின் கடையில் ஒதுங்கினேன். வேறு யாரும் இல்லை. அவர் என்னைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதரை.

"சார் கஹான்? வேலைக்குப் போயிட்டாரா?"

"லீவு. பங்கர்ல தண்ணி வந்துடும்னு காவல் காக்கறாரு."

அவர் அடுப்பை அணைத்தார். மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். கல்தி மேராதான். சண்டை டைம்ல எனக்கு இருவது வயசு. மேல இருந்து ஏரோப்ளேன் வந்தா எல்லாரும் அதுல எறங்கிடுவாங்க. ஒரு நாள் என் படா பாயி, அவரு சம்சாரம் பாபி, பாபியோட தங்கச்சி, ஒரு சோட்டா பச்சாக் கொழந்த, நாலு பேரும் எறங்கினாங்க. குண்டு விழுந்து படி மேல மண்ணு சரிஞ்சிடுச்சு. தோண்டறதுக்கு ரெண்டு நாள் ஆச்சு. அமாவாசை ஜுவார் வேற, கடல் ஏறுது."

"மூழ்கிட்டாங்களா?"

"நஹி. ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. சூக்கா. கட்டியிருந்த துணி பூரா அவுத்து, கிழிச்சு, அந்த ஓட்டைய அடச்சிருந்தாங்க. பச்சாவோட சட்டைய முதல்ல. பானி வரல. ஹவாவும் வரல. உள்ள ஹவா வர்றதுக்கு அது ஒண்ணுதான் வழி."

ஹவா என்றால் காற்று. எனக்கு விளக்கின் சுடர் ஞாபகம் வந்தது. கதவைச் சுற்றி என் யோசனைப்படி அடித்த ரப்பர் ஞாபகம் வந்தது.

"துணிய எடுக்க யாருக்கும் மனசு வரல. அப்படியே உட்டுட்டோம். அம்மா சாகற வரைக்கும் வீட்ல அந்தப் பேச்சே கெடையாது..."

நான் மழையில் இறங்கி ஓடினேன். பின்னால் அவர் கடப்பாரையைத் தேடும் சத்தம் கேட்டது.

அரை மைல் ஓட்டம். வரப்பு உடைந்திருந்தது. சரிவுத் தண்ணீர் முழுதும் படியில் இறங்கி, பதினோரு படியில் ஏழு படி மூழ்கி, கதவு மார்பளவு தண்ணீரில் நின்றது. வெளிப்பக்கம் திறக்கும் கதவு. அவ்வளவு தண்ணீரும் அதை நிலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது. நான் இறங்கி இழுத்தேன். அசையவில்லை.

"என்னங்க! கதவத் தொறங்க!"

"தனமா?" உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. நிதானமாக, சந்தோஷமாகக்கூட இருந்தது. "தண்ணி வரலடி. ஒரு சொட்டு வரல. நல்லா அடச்சாச்சு."

"எத அடச்சீங்க?"

"கொழாயத்தான். மூடி ஒடஞ்சு போச்சு. இன்னும் கொஞ்சம் இடுக்கு இருக்கு, அதுக்குத்தான் வேட்டிய அவுக்கறேன்."

"ஐயோ, அடைக்காதீங்க! துணிய எடுங்க!"

"எடுத்தா எப்படி? அவங்க பாவம், கட்டியிருந்த சேலையவே குடுத்துட்டாங்க."

யார் என்று நான் கேட்கவில்லை.

துணி கிழியும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை பல கைகள் கிழித்தன. அவர் ஏதோ சொன்னார். நாக்கு குழறியது, தூக்கத்தில் பேசுகிற மாதிரி. பிறகு அவர் பேசவில்லை.

சமையற்கட்டுக்கு ஓடி வெட்டுக்கத்தியை எடுத்துவந்தேன். கதவின் மேல் ஓரம் தண்ணீருக்கு மேலே இருந்தது. ரப்பரைக் கத்தியால் கீறி, விரலை விட்டு, நகம் பெயரப் பிய்த்தேன். ஒரு விரல் அகலத்துக்குச் சந்து கிடைத்தது. உள்ளேயிருந்து சூடாக, அந்த வேர்வை வாடையோடு காற்று என் முகத்தில் அடித்தது. வாயைச் சந்தில் வைத்து அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதினோரு வருஷத்தில் நான் அவர் பேரைச் சொன்னது அப்போதுதான்.

சந்து இருண்டது.

உள்ளேயிருந்து துணியைத் திணிக்கிறார்கள்.

ஈர வேட்டி. நுனியைப் பிடித்து இழுத்தேன். அது திரும்ப உள்ளே போயிற்று. இரண்டு கையாலும் சுற்றிக்கொண்டு, காலைக் கதவில் உதைத்து இழுத்தேன். மறுபக்கத்தில் இழுத்தது ஒரு ஆளின் பலம் அல்ல. கீழே, என் இடுப்பு உயரத்தில், மிகச் சின்னக் கை ஒன்று பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"விடுங்க! அவரு எங்க வீட்டு ஆளு! விட்ருங்க!"

அவர்களுக்குத் தமிழ் தெரியுமோ தெரியாதோ. நான் கதறினேன்.

ராஜமாணிக்கம் தண்ணீரில் விழுந்து எழுந்து என் பக்கத்தில் வந்தார். சந்தில் நுழைந்து போகும் துணியைப் பார்த்ததும் அவர் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டார்.

"பையா," என்றார் மெதுவாக. "சோட் தோ பையா. பானி உதர் கயா. மே ஆ கயா."

விட்டுவிடு அண்ணா, தண்ணீர் இறங்கிவிட்டது, நான் வந்துவிட்டேன். தண்ணீர் இறங்கவே இல்லை. எங்கள் மார்பில்தான் நின்றது. செத்துப்போன அண்ணனிடம் அவர் பொய் சொன்னார்.

துணி தளர்ந்தது. நான் மல்லாந்து விழுந்தேன்.

அவர் கடப்பாரையைச் சந்தில் கொடுத்து நெம்பினார். மேல் பலகை பிளந்தது, அடுத்தது பிளந்தது. தண்ணீர் எங்களையும் இழுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. இத்தனை மாதம் என் கணவர் எதை உள்ளே விடக்கூடாது என்று பாடுபட்டாரோ, அதை நாங்கள் உடைத்து உள்ளே விட்டோம்.

தண்ணீர் பரவியதும் முழங்காலுக்குக் கீழே அடங்கியது. பாத்திகளில் காளான் பூத்திருந்தது. நான் பார்த்ததிலேயே பெரிய ஈடு. அடுக்கு அடுக்காக வெள்ளையாக விரிந்து நின்றது. அவர் குழாய்ப் பக்கம் குப்புறக் கிடந்தார். உடம்பில் துணியில்லை. வலது கை தோள் வரைக்கும் குழாய்க்குள் இருந்தது. உதடு கறுத்திருந்தது.

வெளியே தூக்கிப் போட்டு ராஜமாணிக்கம் அவர் மாரை அமுக்கி அமுக்கி விட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் ஒரு இருமல் வந்தது. அந்த மழையில், சேறு அப்பிய தரையில், நான் அவர் தலையை மடியில் போட்டுக்கொண்டு வெட்கம் கெட்டு அழுதேன்.

ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தார். வைக்கோல் மக்கினால் கெட்ட காற்று வரும், மூடிய அறையில் அது மயக்கும், மயக்கத்தில் என்ன வேண்டுமானாலும் தோன்றும் என்றார் டாக்டர். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார். கேட்டுக்கொண்டேன். நம்பினால் நல்லது என்றிருந்தது. ராஜமாணிக்கம் நாலு லாரிக் கல்லும் மண்ணும் போட்டுப் பங்கரைத் தூர்த்துவிட்டார். நாங்கள் ஷாதிபூருக்கே திரும்பினோம். இவர் வேலைக்குப் போனார், சாப்பிட்டார், ரேடியோ கேட்டார். கொஞ்சம் பேச்சுக் குறைந்திருந்தது, அவ்வளவுதான். ஆளைக் காப்பாற்றிக் கொண்டுவந்துவிட்டேன் என்று தெரு முழுக்கச் சொன்னேன்.

புரட்டாசி அமாவாசை வந்தது. தர்ப்பணம் முடித்து, நாற்காலியில் உட்கார்ந்து பழைய பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். மெட்ராஸ் பேப்பர் கப்பலில் வரும்போதே பத்து நாள் பழசாகிவிடும். நான் கூடத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். வெகு நேரமாகப் பக்கம் திரும்பும் சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கண் திறந்திருந்தது. பேப்பர் அசையவில்லை. மாரும் அசையவில்லை.

எழுந்து போய் மூக்குக்குக் கீழே கையை வைத்தேன்.

மூச்சு இல்லை.

மணி பத்து அடித்தது.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அப்போதுதான் கேட்டது. அறையின் மூலையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில் மூச்சு விடும் சத்தம். ஒருவருடையது அல்ல. நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பல பேருடைய மூச்சு. அதில் ஒன்று மிகச் சிறியது, சீக்கிரம் சீக்கிரமாக வாங்குவது. அவற்றுக்கு நடுவில், இழுக்கும்போது லேசாக விசில் அடித்து, விடும்போது நெடுகப் போகும் ஒரு மூச்சு.

அது எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறேன்.

பதினொன்றரைக்கு நாற்காலியில் இருந்தவர் பேப்பரைத் திருப்பினார். காப்பி இருக்கிறதா என்று கேட்டார்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. மாதத்தில் இரண்டு நாள், ஓதம் ஏறும் நேரத்துக்கு அப்படித்தான். யாரிடமும் சொல்லவில்லை, டாக்டரிடம் சொன்னால் எனக்குத்தான் மருந்து கொடுப்பார். முதலில் எல்லாம் நாற்காலிப் பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். இப்போது இல்லை. நாங்கள் வெளியே தூக்கிவந்தது உடம்பை மட்டும்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஒன்பதே முக்காலுக்கு வேலையெல்லாம் முடித்துவிட்டு, அந்த மூலைக்குப் போய், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்காருகிறேன். விசில் மூச்சு என் தோளுக்குப் பக்கத்தில் கேட்கும். இன்றைக்கு நான் உட்காரும்போது, மற்றவர்கள் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள்.